அங்கே பிள்ளை மடுவம் இல்லையா, அம்மா?

“அந்த ஊர்ல பிள்ளை மடுவம் இல்லையாம்மா?”

என் மகள் இதைக் கேட்டபோது அவளுடைய ஒரு கால் சப்பாத்துக்குள்ளும் மற்றக் கால் வெளியேயும் இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. “கால நீட்டு” என்று மட்டும் சொன்னேன். அன்று முதல் இன்றுவரை அவளுக்கு அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் சரி.

பிள்ளை மடுவம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொல்வது, கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தை. இப்போது அதன் வாசலில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை இருக்கிறது. சுவரில் யானையும் பட்டாம்பூச்சியும் வரைந்திருக்கிறார்கள். ஆனாலும் எல்லோருக்கும் அது மடுவம்தான். என் கணவர் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் இயந்திரங்களைப் பார்க்கிறவர். அதனால் எங்கள் மகளுக்கும் அங்கே இடம் உண்டு. அவளுக்கு இன்னும் நாலு வயது ஆகவில்லை. நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கூடவே தொலைக்கல்வியில் பட்டப்படிப்பின் கடைசி வருடம்.

அந்தப் படிப்பினால் வந்ததுதான் இந்தப் பயணம். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று சில பல்கலைக்கழகங்கள் கோடைகாலத்தில் குறுகிய கற்கைநெறிகள் நடத்துகின்றன என்று எங்கள் விரிவுரையாளர் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். செலவை ஏற்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம் என்று கீழே எழுதியிருந்தது. அதைப் படித்த அன்று எங்கள் லயத்து வரிசைவீட்டுக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உடுப்புக் காயாமல் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். ஓகஸ்ட் மாதத்தில் உலகத்தில் எங்கேயோ கோடையாக இருக்கும் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது.

பட்டியலில் இருந்து மூன்றைப் பிரித்து எடுத்தேன். முதலாவது, ஒரு பெரிய நகரத்துப் பெயர் பெற்ற பல்கலைக்கழகம். அது நீண்டது, போனால் மூன்றாம் தவணை தொடங்கியும் என் வகுப்புக்கு ஆள் இருக்காது. இரண்டாவது, கடலோரச் சிறு நகரம் ஒன்றில். மூன்று வாரம். ஓகஸ்ட் விடுமுறைக்குள் அடங்கிவிடும். மூன்றாவது இந்தியாவில், அதைவிடவும் குறுகியது. போகவும் வரவும் லேசு.

எனக்கு ஒன்றைத் தெரிவுசெய்வது என்றால் வருத்தம். புடவைக் கடையில்கூட ஒன்றை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டு, மற்றதைத் திரும்பிப் பார்க்கிறவள் நான். மூன்று கற்கைநெறிகளையும் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எங்கே என்ன படிப்பிப்பார்கள், எங்கே தங்கவைப்பார்கள், சோறு கிடைக்குமா, அவசரம் என்றால் எத்தனை விமானம் மாறித் திரும்பி வரவேண்டும். காலையில் ஒன்று சரியாகத் தெரியும். சாயங்காலம் வேறொன்று.

எங்கள் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். என் மேசைக்கு எதிர் மேசை அவருடையது. அவருக்கு என்னைக் கண்டால் பகிடி வந்துவிடும்.

“என்ன ரீச்சர், இன்னும் யோசிச்சுக்கொண்டே இருக்கிறியள்? அவங்கள் கோடை முடிஞ்சு மாரிக்கு ஆளெடுக்கப் போறாங்கள்.”

“பயமா இருக்கு மிஸ். குளிர் ஊரு வேற.”

“குளிரோ? இஞ்சை இருந்துகொண்டு குளிருக்குப் பயமெண்டு சொன்னால் அவங்கள் சிரிப்பாங்கள். நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் மாசம் சப்பாத்தோடதான் படுத்தனான், தெரியுமோ?”

அன்று பார்த்தால், அந்தக் கடலோர நகரத்தின் கோடை வெயில் எங்கள் நுவரெலியாவின் சாதாரண நாள் அளவுதான். மாலையில் குளிரும், மெல்லிய கம்பளிச் சட்டை கொண்டுவாருங்கள் என்றும் அறிவுரை இருந்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு, “ஒனக்குப் புதுசா எதுவும் வாங்கவே வேணாம் போல” என்றார்.

உண்மையில் என் மனம் முதலிலிருந்தே அந்த இரண்டாவதின் பக்கம்தான் இருந்தது. காரணம் என் வகுப்பு. என் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். “உன் பெயர் என்ன” என்று ஆங்கிலத்தில் ஒரு வெளியாள் கேட்டால் குனிந்துகொள்வார்கள். வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, புத்தகத்தில் இன்னொன்று என்று வளரும் பிள்ளைகளை எப்படிப் பேசவைப்பது என்பதைத்தான் அந்தக் கடலோர நகரத்தில் படிப்பிக்கிறார்கள். கோடை வகுப்புகளுக்குள் போய்ச் செய்து பார்க்கவும் விடுகிறார்கள். இந்தியாவில் நடப்பது பெரும்பாலும் உட்கார்ந்து கேட்கிற விரிவுரைகள். வீட்டில் எல்லோரும் “பக்கத்துல இருக்கிறதுக்குப் போ” என்றார்கள். கடமை என்று பார்த்தால் அதுவும் சரிதான்.

என்னைத் தடுத்தது மகள். அவளை விட்டுவிட்டு மூன்று வாரம்.

இதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். இதை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன். மூன்று இடத்துக்கும் மின்னஞ்சல் எழுதினேன். படிப்பைப் பற்றி ஒரு வரி. மற்றதெல்லாம், பகல் நேரத்தில் என் பிள்ளையை விட்டுப்போக உங்கள் பிள்ளை மடுவம் வகுப்புக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான். இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பெண்கள் வேலை செய்கிற இடம் என்றால் பக்கத்தில் ஒரு மடுவம் இருக்கும். எங்கள் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும், ஒவ்வொரு பிரிவிலும், இருக்கிறது. வெயிலோ மழையோ, மலையில் கொழுந்து இருக்கும்வரைக்கும் திறந்திருக்கும். இந்தச் சின்னத் தோட்டத்திலேயே இருக்கும்போது அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் இல்லாமல் போகுமா?

பெரிய நகரத்திலிருந்து தானாக வருகிற ஒரு பதில் மட்டும் வந்தது. இந்தியாவிலிருந்து இணையத்தளத்தைப் பார்க்கச் சொன்னார்கள். கடலோர நகரத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அந்தக் கற்கைநெறியை ஒழுங்குசெய்கிறவர். வளாகத்துக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறதாம். ஆனால் கோடைகாலத்தில் மூடிவிடுவார்களாம். அந்த மாதங்களில் பெற்றோர் விடுமுறை எடுத்துப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போய்விடுவார்களாம். எனக்கும் ஒரு சின்ன மகள் இருக்கிறாள், உங்கள் கேள்வியை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது, ஒரு நல்ல பதில் சொல்ல முடியாததற்கு வருந்துகிறேன் என்று முடித்திருந்தார்.

ஸ்டாஃப் ரூமில் இதை வாசித்துக் காட்டினேன். கணித ஆசிரியை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பிள்ளையளைப் பாக்க வேணுமெண்டு பிள்ளை மடுவத்தைப் பூட்டிற ஊரோ! நீங்கள் அங்க போய் இருந்திடுங்கோ ரீச்சர், திரும்பி வரவேண்டாம்.” நானும் சிரித்தேன். அன்று பின்னேரம் அந்தக் கடலோர நகரத்தையே தெரிவுசெய்து அனுப்பினேன். படிப்பு ஒரு காரணம். பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு பிள்ளையின் தாய் பதில் எழுதியது இன்னொரு காரணம். பிறகு வீட்டுக்கு வரும் வழியெல்லாம், காரணமா அது, இப்படியா ஒரு பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்வார்கள் என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

இடம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான தெரிவு தொடங்கியது: மகளிடம் சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமல் போவதா?

எங்கள் மடுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் இடத்துக்கு, ஓடுகிற அவசரத்தில் அம்மா பிள்ளையை ஆயாவின் கையில் கொடுப்பாள். ஆயா பிள்ளையை ஜன்னல் பக்கம் திருப்பி, “அங்க பாரு கோழி, அங்க பாரு” என்பார். பிள்ளை கோழியைத் தேடும். அந்த நேரத்தில் அம்மா பின்கதவால் போய்விடுவாள். பல நாள் அங்கே கோழியே இருக்காது. யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. சொன்னால் பிள்ளை அழும், அம்மாவுக்குக் கால் நகராது, பெரட்டு பிந்தும். நானும் மகளை முதல் நாள் விட்ட அன்றே அந்தப் பின்கதவால்தான் போனேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

என் அம்மாவும் அந்தக் கதவால்தான் போனார். எனக்கு அப்போது என் மகளின் வயதுதான் இருக்கும். அன்று கையில் ஒரு சீனி பனிஸ், சீனி தூவிய பன், கொடுத்தார். சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக அப்பா வந்தார். அம்மா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய்விட்டார் என்பது பிறகு மெதுவாகத் தெரிந்தது. இதைப் பெரிய சோகமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அம்மா திரும்பி வந்தார், நான் படித்தேன், நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் எந்த அறையில் உட்கார்ந்தாலும் கதவைப் பார்த்துத்தான் உட்காருவேன். கணித ஆசிரியை மேசையை மாற்றச் சொல்லி ஒருமுறை கேட்டார், ஜன்னல் வெளிச்சம் வேண்டுமென்று. நான் மறுத்தேன். ஏன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

அம்மா கீழ் லயத்தில் தம்பியோடு இருக்கிறார். போய்க் கேட்டேன்.

“ஏம்மா, அன்னைக்கு நீங்க எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?”

அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்” என்றார். பிறகு, “நீ அழுதியா அன்னைக்கு?” என்று கேட்டார்.

“இல்ல. பனிஸ் தின்னேன்.”

“அப்பறம் என்னா?”

“இப்ப நான் என்னா செய்யட்டும்? சொல்லவா, வேணாமா?”

“எனக்குத் தெரியலடி. எங்கிட்ட வந்து கேக்குற பாரு.” அவரே சிரித்துவிட்டார்.

என் கணவருக்கு இந்தப் பேச்சு அலுத்துவிட்டது. “மெசினக் கழட்டி மாட்டினா, கொழுந்து போடாம ஒருக்கா சும்மா ஓட்டிப் பாப்போம். சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சிரும். நீயும் ஓட்டிப் பாரேன்” என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். மறுநாள் மடுவத்தில் ஆயா மகளை ஜன்னல் பக்கம் திருப்பப் போனார். நான் தடுத்து, குனிந்து, அவள் முகத்தைப் பார்த்து, “அம்மா பள்ளிக்கூடம் போயிட்டு வாறேன். பஸ் வந்ததும் வந்துருவேன்” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். அப்படி ஒரு சத்தம் அவளிடம் இருப்பது எனக்கே தெரியாது. பக்கத்தில் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை திரும்பியது. தன் அம்மாவைக் காணோம் என்று அதுவும் அழுதது. அதைப் பார்த்து அடுத்தது. தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை எழும்பியது. ஒரு நிமிடத்தில் மடுவம் முழுக்க ஒரே அழுகை. பாதி வழி ஏறிப் போயிருந்த தாய்மார் கூடையோடு திரும்பி ஓடிவந்தார்கள்.

“டீச்சர்! என்னா டீச்சர் இது?” என்றார் ஆயா. இரண்டு கையிலும் இரண்டு பிள்ளை. “நான் இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து இப்பிடி நடந்ததே இல்ல.”

“இல்ல ஆயா, சொல்லிட்டுப் போறதுதான் பிள்ளைக்கு நல்லதுன்னு…”

“பாடத்தப் பள்ளிக்கூடத்துல வச்சிக்குங்க. இங்க சத்தம் போடாமப் போங்க.”

கூடையோடு திரும்பி வந்த ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “டீச்சரம்மா, எம்பிள்ள கோழியப் பாத்துக்கிட்டு நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க பிந்திப் போனா பிள்ளைங்க சந்தோசப்படும். நாங்க பிந்திப் போனா கங்காணி சந்தோசப்படுவாரா?”

எல்லோரும் சிரித்தார்கள், ஆயாவைத் தவிர. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவள் சொன்னதில் பிழை இல்லை. எனக்கு முதல் பாடவேளை ஓய்வு. அவளுக்கு அப்படி ஒன்று கிடையாது.

அன்று சாயங்காலம் ஆயாவிடம் போய் மன்னிப்புக் கேட்டு ஓர் ஒப்பந்தம் பேசினேன். நான் மடுவத்துக்குள் வரமாட்டேன். வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கொய்யா மரத்தடியில் மகளிடம் சொல்லிவிடுவேன். அழுதால் அங்கேயே அழுது முடிக்கட்டும். பிறகு ஆயா கூட்டிப்போகலாம். “சரி, அந்த மரம்வரைக்கும் நீங்க டீச்சர். கேட்டுக்கு இந்தப் பக்கம் நான்தான்” என்றார் ஆயா.

கொய்யா மரத்தடியில் முதல் சில நாட்கள் பாடுதான். பிறகு அழுகை குறைந்து பேரம் தொடங்கியது. “எந்த பஸ்?” “சிவப்பு பஸ்.” “சிவப்பு பஸ் வராட்டி?” “நடந்து வருவேன்.” “மழ பேஞ்சா?” “கொட பிடிச்சிக்கிட்டு.” எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். சாயங்காலம் பஸ் ஹோர்ன் கேட்டதும் கேட்டில் வந்து நிற்கிறாள் என்று ஆயாவே சொன்னார். சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

இப்படி ஒரு நாள் நான் குனிந்து “போயிட்டு வாறேன்” என்றபோது, அவள் கையில் ஒரு நத்தை ஓட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கையை மட்டும் ஆட்டினாள். நான் அழுதேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

பிறகு நுவரெலியாவில் ஆசிரியர்களுக்கு ஒரு வதிவிடப் பயிற்சி வந்தது. தங்கவேண்டும். இரண்டாவது ஓட்டம் இது என்றார் கணவர். சொல்லிவிட்டுத்தான் போனேன். முதல் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோவில் கூப்பிட்டேன். முதலில் கூரை தெரிந்தது. பிறகு அவள் நெற்றி.

“அம்மா, இப்ப பேச ஏலாது. அப்பா தேங்கா திருவுறாரு. நான் தண்ணி குடிக்கணும்.”

“சாப்பிட்டியா?”

“அம்மா, நான் வேலையா இருக்கேன்னு சொல்றேன்ல!”

பக்கத்தில் கணவரின் சிரிப்புச் சத்தம். அவர் கறியைக் கரிக்கவிடவில்லை, மகளின் தலைமுடியைக்கூடப் பின்னியிருந்தார், கொஞ்சம் கோணலாக. நான் அந்த விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அன்று மனம் நிறைந்துதான் இருந்தது. இந்த வீடு நான் இல்லாமலும் கொஞ்சம் ஓடும்.

அதோடு எல்லாம் தீர்ந்திருக்கவேண்டும். ஆனால் மகள் எனக்குப் பிறந்தவள். “பெரிய பயணம்” என்று நாங்கள் மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கியதும், விமானத்தைப் பற்றிக் கேட்டாள், கடலைப் பற்றிக் கேட்டாள். கடைசியில் சப்பாத்து மாட்டும்போது அந்தக் கேள்வி. அங்கே பிள்ளை மடுவம் இல்லையா?

அவளுடைய கணக்கு நான் மின்னஞ்சல் எழுதியபோது போட்ட அதே கணக்குத்தான். அம்மா போகிற இடம் என்றால் பக்கத்தில் மடுவம் இருக்கும். பிறகு ஏன் தன்னை விட்டுப் போகவேண்டும்? இல்லை என்று சொன்னால் பொய். கொய்யா மரத்தடியில் நான் இதுவரை அவளிடம் பொய் சொல்லவில்லை. அதனால்தானே நம்பிக் கையை ஆட்டுகிறாள். இருக்கிறது என்று சொன்னால் தன் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: ஏன் பூட்டினாங்க? அந்த ஊர் அம்மாமார் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கடலுக்குப் போயிருக்கிறார்கள் என்று, அதே நேரத்தில் அவளை விட்டுவிட்டு அந்தக் கடலுக்குப் போகிற நான் எப்படிச் சொல்வேன்?

போன கிழமை ஆயா என்னைக் கொய்யா மரத்தடியில் நிறுத்தினார். “டீச்சர், போற அன்னைக்குப் பிள்ளைய ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகப் போறீங்களா?”

“இன்னும் முடிவு பண்ணல ஆயா.”

“எதுக்கும் இங்க கூட்டிக்கிட்டு வாங்க. ஒங்க வழியிலயே சொல்லுங்க. சரிவரலன்னா…” கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னார், “கோழிய நான் பாத்துக்கிறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னையும் அந்த ஜன்னல் பக்கம் திருப்பிய ஆயா இவர் இல்லை, வேறொருவர். ஆனால் கை ஒன்றுதான்.

விடுமுறை இன்னும் கொஞ்ச நாளில் தொடங்கிவிடும். பெட்டி கட்டிலுக்கு அடியில் பாதி நிறைந்து கிடக்கிறது. போகிறேன் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை. சரியான இடத்தைத்தான் தெரிவுசெய்தேன் என்றும் பெரும்பாலான நாட்களில் தோன்றுகிறது. மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

இதை வாசிக்கிறவர்களில், சின்னப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் படிக்கவோ வேலைக்கோ கடல் தாண்டிப் போனவர்கள் இருப்பீர்கள். அப்படிப் போன அம்மாவின் பிள்ளைகளாக இருந்தவர்களும் இருப்பீர்கள். நாலு வயது நிரம்பாத ஒருத்தி, “அங்கேயும் மடுவம் இருக்குன்னா நானும் வரலாம்தானே” என்று கேட்டால், பொய் இல்லாமல், அவளுக்குப் புரிகிற மாதிரி என்ன சொல்லலாம்? நீங்கள் என்ன சொன்னீர்கள், அல்லது உங்களுக்கு என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். நான் அதைக் கொய்யா மரத்தடியில் அவளிடம் சொல்லிப் பார்க்கிறேன்.